ஒரே ஊசி, இரண்டு பேர்: மயஸ்தீனியாவில் எந்தச் செல் குற்றவாளி?

#1 பாலாற்றங்கரை

வணக்கம். இத்தனை நாள் படித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. ஊர் பள்ளிகொண்டா. அம்மாவுக்கு வயது 47, பீடி சுற்றுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் சாயங்காலமானால் அவர் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்தது. அப்புறம் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. தலை நிற்காது. ஒரு கையைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து மறுகையால் சாப்பிடுவார். காலையில் பார்த்தால் ஒன்றுமே இல்லாதவர் மாதிரி இருப்பார். அதனால் முதலில் பார்த்த தனியார் மருத்துவமனையில் "மனக்கவலை" என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டார்கள். ஐந்து மாதம் அதிலேயே போயிற்று. பாட்டி மட்டும் "இது கட்டுவிரியன் தீண்டின மாதிரி இருக்குது, எதுக்கும் பாருங்கடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் வேறு இடத்தில் இது மயஸ்தீனியா கிரேவிஸ், தசை சோர்ந்துபோகிற நோய் என்று கண்டுபிடித்தார்கள். ஆன்டிபாடி என்பது உடம்பு செய்கிற எதிர்ப்புப் புரதமாம். வழக்கமான ஏற்பி ஆன்டிபாடி பரிசோதனை நெகட்டிவ். மஸ்க் என்று ஒன்று எடுத்தார்கள், அது பாசிட்டிவ். ரிட்டுக்சிமாப் என்கிற ஊசி மருந்தை ஏற்றினார்கள். இரண்டே மாதத்தில் அம்மா முறுக்கு கடித்தார்.

அதே நாள், பக்கத்துப் படுக்கையில் ஆற்காட்டுக்காரர் ஒருவர். அவருக்கும் மயஸ்தீனியா, அதே ஊசி. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் இமையைப் பிளாஸ்திரி போட்டுத் தூக்கி ஒட்டியிருந்தார். அவருக்கு ஏற்பி ஆன்டிபாடி பாசிட்டிவாம். ஒரே நோய்ப் பெயர், ஒரே மருந்து, ஏன் இப்படி?

இணையத்தில் தேடினால் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் கெவின் ஓகானர் என்பவரின் ஆய்வகம் இதைத்தான் வருஷக்கணக்காகக் குடைந்துகொண்டிருக்கிறது. பி செல், பிளாஸ்மாபிளாஸ்ட் என்று போகிறது. எனக்குப் பாதிதான் புரிகிறது. தெரிந்தவர்கள் யாராவது தமிழில் சொல்லுங்கள்.

இன்னொன்று. அம்மாவுக்குப் போன மாதத்திலிருந்து மறுபடியும் சாயங்காலம் குரல் கம்முகிறது. ஊசி போட்டு 14 மாதம் ஆகிறது.


#2 இரவுப்பணி

தம்பி, நான் வேலூரில் நரம்பியல் வார்டில் 11 வருஷமாக இருக்கிற நர்ஸ். ஆய்வுக் கட்டுரை எல்லாம் நான் படிப்பதில்லை. ஆனால் நீங்கள் பார்த்ததை நாங்களும் பார்க்கிறோம். மஸ்க்காரர்கள் ரிட்டுக்சிமாபுக்கு நன்றாக மசிவார்கள். மற்றவர்கள் ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்லை.

ஆய்வு இருக்கட்டும், முதலில் ஒன்று. 14 மாதத்தில் குரல் கம்முகிறது என்றால் அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீர்கள். விழுங்கும்போது புரை ஏறினாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை எதுவும் பார்க்கக் கூடாது.


#3 ஆரணி வாத்தியார்

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன் நான். கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

பாட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொன்னது ஆராய்ச்சியின் வரலாறே. நரம்பு தசையிடம் பேசுவது அசிட்டைல்கோலின் என்கிற ரசாயனம் மூலம். தசையின் பக்கம் அதை வாங்கிக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன. தைவானில் வாழும் ஒரு கட்டுவிரியன் இனத்தின் நஞ்சிலிருந்து 1963இல் சாங், லீ என்ற இருவர் ஒரு நச்சுப்புரதத்தைப் பிரித்தார்கள். அது அந்த ஏற்பியில் போய் ஒட்டினால் லேசில் விடாது. விஞ்ஞானிகள் அதையே தூண்டிலாக்கி ஏற்பியைப் பிடித்தார்கள். எதிலிருந்து? மின்சாரம் பாய்ச்சுகிற மீன்களிலிருந்து. அவற்றின் மின்னுறுப்பில் இந்த ஏற்பிதான் மலிந்து கிடக்கிறது.

1973இல் கலிபோர்னியாவில் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ரம் இருவரும் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆன்டிபாடி மட்டுமே. ஆனால் முயல்களுக்குத் தலை தொங்கிவிட்டது. மயஸ்தீனியா மருந்தைப் போட்டதும் எழுந்து நின்றன. வேறொன்றைத் தேடப் போனவர்கள் கையில் நோயின் காரணம் கிடைத்தது: உடம்பு செய்த ஆன்டிபாடி தன் தசையின் ஏற்பியையே தாக்குகிறது. அதே ஆண்டில் ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி என்ற மூவர் நோயாளிகளின் தசையில் அதே கட்டுவிரியன் நஞ்சை வைத்து எண்ணிப் பார்த்து, ஏற்பிகள் மிகவும் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். மூன்றாவது பெயர் நம் பக்கத்துப் பெயராகத் தெரிகிறதல்லவா? எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

ஆக, கட்டுவிரியன் கடியும் மயஸ்தீனியாவும் தாக்குகிற இடம் ஒன்று, நரம்பும் தசையும் சந்திக்கிற சந்து. இரண்டிலும் இமை இறங்குவதற்குக் காரணம் அதுதான். உங்கள் பாட்டிக்கு என் வணக்கம்.

இப்போது உங்கள் கேள்வி. ஆன்டிபாடியைச் செய்வது யார்? நான் இருக்கிற ஊரில் தறியைச் சொன்னால்தான் புரியும். பி செல் என்கிற எதிர்ப்பு செல், பாவு (தறியின் நீளநூல்) ஓட்டுகிறவர். அது முதிர்ந்து பிளாஸ்மாபிளாஸ்ட் ஆகும், அப்புறம் பிளாஸ்மா செல் ஆகும். இவை தறிகள். ஆன்டிபாடி என்கிற துணி நெய்து வெளியே வருவது இங்கேதான். ரிட்டுக்சிமாப் பிடிப்பது சிடி20 என்கிற அடையாளத்தை. அந்த அடையாளம் பி செல்லில் உண்டு. தறியாக மாறிவிட்ட செல்லில் இல்லை. அதாவது மருந்து பாவு ஓட்டுகிறவரை நிறுத்துகிறது, தறியைத் தொடுவதில்லை.

தறியில் பாவு குட்டையாக இருந்தால் கொஞ்ச நாளில் நெசவு தானாக நின்றுவிடும். மஸ்க் வகையில் இதுதான் நடக்கிறது. அந்த ஆன்டிபாடியைச் செய்பவை பெரும்பாலும் குறைந்த ஆயுள் கொண்ட பிளாஸ்மாபிளாஸ்ட்கள். ஏற்பி வகையிலோ எலும்பு மஜ்ஜையிலும் நெஞ்சுக்குள் இருக்கிற தைமஸ் சுரப்பியிலும் பல வருஷம் உயிர்வாழும் பிளாஸ்மா செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே பாவு மைல் கணக்கில் நீளம். ஓட்டுகிறவர் போனாலும் தறி நிற்காது.

ஓகானர் குழு 2017இல் செய்தது எனக்குப் பிடித்த வேலை. ரிட்டுக்சிமாப் போட்டு நன்றாகி, மறுபடி நோய் திரும்பிய மஸ்க் நோயாளிகளின் ரத்தத்தை எடுத்தார்கள். அதிலுள்ள பிளாஸ்மாபிளாஸ்ட்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு செல்லிலும் இருந்த ஆன்டிபாடி மரபணுவை எடுத்து ஆய்வகத்தில் அதே ஆன்டிபாடியைத் தயாரித்து, மஸ்க் புரதத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். சில ஒட்டின. "ஏதோ ஒரு செல் செய்கிறது" என்று சொல்வதும், அந்தச் செல்லையே பிடித்து அது நெய்த துணியை விரித்துக் காட்டுவதும் ஒன்றா?


#4 கோட்டைக்காரன்

வாத்தியார் ஐயா, எழுத்து அருமை. ஆனால் குறுக்கே பேசாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் ஒருவர் செல்லைப் பிடித்தார், சரி. பள்ளிகொண்டாவில் பீடி சுற்றுகிற அம்மாவுக்கு அதனால் என்ன? இந்த ஆன்டிபாடி பரிசோதனைக்கே பீடி சுற்றிய கூலியில் எத்தனை நாள் போயிருக்கும் என்று அந்தத் தம்பியைக் கேளுங்கள். ஆராய்ச்சி எல்லாம் ஊசி கம்பெனி வளரத்தான்.


#5 பாலாற்றங்கரை

கோட்டை அண்ணா, பரிசோதனைக்கு அம்மா வளையலை வைத்துத்தான் பணம் கட்டினோம். அது நிஜம். ஆனால் அப்போது நெஞ்சைத் திறந்து தைமஸை எடுக்கலாமா என்கிற பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. பரிசோதனை எடுக்காமல் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்கலாம்.


#6 ஆரணி வாத்தியார்

அதேதான். கோட்டைக்காரரே, என்ன மருந்து என்பதைவிட என்ன வேண்டாம் என்று தெரிவதில்தான் ஏழைக்கு லாபம். ஏற்பி வகையில் தைமஸ் அறுவைசிகிச்சை பலன் தரும் என்று 126 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் நிரூபித்தது. மஸ்க் வகையில் அந்த அறுவைசிகிச்சையால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. எக்குலிசுமாப் என்று ஒரு மருந்து வந்திருக்கிறது. விலையைக் கேட்டால் நமக்கே இமை இறங்கிவிடும். அது காம்ப்ளிமென்ட் என்கிற தாக்குதல் வரிசையைத் தடுக்கிறது. மஸ்க் ஆன்டிபாடியில் பெரும்பங்கு ஐஜிஜி4 என்ற ரகம். அது காம்ப்ளிமென்டைக் கூப்பிடுவதே இல்லை. கூப்பிடாத ஆளைத் தடுக்க லட்சக்கணக்கில் செலவு எதற்கு?

பின்னே மஸ்க் ஆன்டிபாடி என்னதான் செய்கிறது என்றால், தசையில் ஏற்பிகளை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்த்து வைக்கிற மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. அந்த மேஸ்திரிதான் மஸ்க். ஏற்பிகளை யாரும் அடிக்கவில்லை, ஆனால் அவை சிதறிப்போகின்றன. இதெல்லாம் எந்தச் செல், எந்த ஆன்டிபாடி என்று ஒருவர் உட்கார்ந்து பிரித்ததால் தெரிந்தது. 2001 வரைக்கும் மஸ்க் ஆன்டிபாடி என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. "பரிசோதனையில் ஒன்றும் இல்லை" என்று அனுப்பப்பட்டவர்களில் இந்த அம்மா மாதிரி எத்தனை பேரோ.

ரிட்டுக்சிமாப் விஷயத்திலும் முழுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏற்பி வகைக்கு அது வீண் என்று முடிவு கட்டவும் முடியாது. அமெரிக்காவில் 52 பேருக்கு நடந்த ஆய்வில் ஸ்டீராய்டு அளவைக் குறைக்க அது உதவவில்லை. ஸ்வீடனில் 47 பேருக்கு, நோய் வந்த புதிதிலேயே கொடுத்தபோது உதவியது. தறி ஊன்றுவதற்கு முன்னால் போனால் கதை வேறு போலிருக்கிறது. இது என் ஊகம்தான்.


#7 ஆம்பூரான்

பாய், மயஸ்தீனியா இல்லை எனக்கு. நரம்பைத் தாக்குகிற குயில்லன் பாரே என்ற நோய். தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு வாரம் வயிற்றுப்போக்கு, அது நின்று பத்தாம் நாள் செருப்பு காலில் நிற்கவில்லை. மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. நாலாம் நாள் வென்டிலேட்டர். கல்யாண வீட்டுப் பிரியாணிதான் காரணம் என்று ஊரே பேசியது. பிரியாணி மேல் பழி போடாதீர்கள், அதை மூன்று மணி நேரம் வேகவைக்கிறார்கள்!

எனக்கு டாக்டர் சொன்னது: காம்பைலோபாக்டர் என்று ஒரு கிருமி, அதன் மேல்தோலில் இருக்கிற சர்க்கரையும் நம் நரம்பின் மேல் இருக்கிற சர்க்கரையும் ஒரே ஜாடை. கிருமியை அடிக்க வந்த ஆன்டிபாடி நரம்பையும் அடிக்கிறது. ஆள்மாறாட்டத்தில் அடி வாங்கினவன் நான்.

ஐவிஐஜி என்று ரத்தக்குழாயில் ஏற்றுகிற ஆன்டிபாடி மருந்து ஐந்து நாள், கிலோவுக்கு 0.4 கிராம் கணக்கு. என் எடை 82. பில்லைப் பார்த்து அண்ணன் "முன்னாடியே இளைச்சிருக்கக் கூடாதாடா" என்றார். பிளாஸ்மா என்கிற ரத்த நீரை மாற்றினாலும் அதே பலன், செலவு குறைவாக வரும் என்று பிற்பாடு தெரிந்தது. இப்போது நடக்கிறேன். பாதம் மட்டும் இன்னும் மரமரப்பு.

ஒரு சந்தேகம். வார்டில் பக்கத்துப் பையனுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை. ஏன்?


#8 இரவுப்பணி

ஆம்பூர் அண்ணா, அந்தப் பையனுக்கு சிஐடிபி என்கிற நரம்பு நோயாக இருக்கும். மாதக்கணக்கில் ஓடுகிற ரகம், அதற்கு ஸ்டீராய்டு கேட்கும். குயில்லன் பாரேவுக்கு ஸ்டீராய்டு பலன் தராது என்று ஆய்வு செய்தே பார்த்துவிட்டார்கள். உங்களுடையது புயல் மாதிரி, நாலு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தணியும். மயஸ்தீனியா அப்படி இல்லை, குடித்தனம் வந்துவிடும்.


#9 மூலிகைமணி

எல்லாரும் ஊசி, செலவு என்றே பேசுகிறீர்கள். எதிர்ப்பு சக்தி குறைவதால்தான் எல்லா நோயும். சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்து 48 நாள் குடிக்கச் சொல்லுங்கள். ஜவ்வாதுமலையிலிருந்து நானே வரவழைத்துத் தருகிறேன். எதிர்ப்பு சக்தி ஏறினால் நரம்புத் தளர்ச்சி தானாகப் போகும்.


#10 இரவுப்பணி

ஐயா, கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன். இந்த நோயில் எதிர்ப்பு சக்தி குறையவில்லை. அது வீட்டுக்காரனையே கடிக்கிற நாயாகிவிட்டது. நீங்கள் அந்த நாய்க்குக் கறி போடச் சொல்கிறீர்கள். சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்த ஆறு பேரைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதுவும் எதிர்ப்பு செல்களே கல்லீரலைத் தாக்குகிற மாதிரியான பாதிப்பு. ஏற்கெனவே அந்தப் போக்கு உடம்பில் இருப்பவர்களுக்கு அது எண்ணெய் ஊற்றின கதை.

அப்புறம் இது நரம்புத் தளர்ச்சி இல்லை. அந்த வார்த்தையை வைத்தே பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க லாட்ஜ் வைத்தியர்கள் பிழைக்கிறார்கள்.

இதைப் படிக்கிற மயஸ்தீனியா வீட்டுக்காரர்களுக்குச் சொல்கிறேன், இங்கிலீஷ் மருந்திலும் ஆபத்து உண்டு. போன வருஷம் ஒரு அம்மா சிறுநீர்த் தொற்றுக்கு எங்கோ அமிக்காசின் ஊசி போட்டுக்கொண்டு, மூச்சு விட முடியாமல் எங்களிடம் வந்தார். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ரத்தக்குழாயில் ஏற்றுகிற மெக்னீசியம், இவை எல்லாம் அந்தச் சந்தில் போய் வேலையைக் கெடுக்கக் கூடியவை. சளி என்று தெருமுனை டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியம் "எனக்கு மயஸ்தீனியா" என்று இருக்கட்டும். ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.


#11 முள்ளுக்கத்திரி

நான் காட்பாடிப் பக்கம் பயோடெக் மூன்றாம் வருஷம். எனக்கு ஒரு குழப்பம். 2025 நோபல் பரிசு சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் டி செல்கள் என்கிற எதிர்ப்பு செல்களை அடக்கி வைக்கிற ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்காகக் கொடுத்தார்கள். சகாகுச்சி தொடங்கியதே, பிறந்து மூன்று நாளான எலிக்குத் தைமஸை எடுத்தால் தன் உடம்பையே தாக்கும் நோய்கள் வருகின்றன என்ற கண்டுபிடிப்பிலிருந்துதான். இங்கே வாத்தியார் ஐயா மயஸ்தீனியாவுக்குத் தைமஸை எடுத்தால் குணம் என்கிறார். எலிக்கு எடுத்தால் நோய், மனுஷனுக்கு எடுத்தால் மருந்தா?


#12 ஆரணி வாத்தியார்

இப்படிக் கேட்கிற பிள்ளைக்காக இன்னும் பத்து வருஷம் வேலை பார்த்திருக்கலாம்.

வயதுதான் விடை. தைமஸ் ஒரு பள்ளிக்கூடம். டி செல்கள் அங்கே படித்துவிட்டு வெளியே போகின்றன. அடக்கி வைக்கிற டி செல்கள் கொஞ்சம் தாமதமாகப் பட்டம் வாங்குகின்றன. மூன்றாம் நாளே பள்ளியை மூடினால் முரடர்கள் வெளியே போயிருப்பார்கள், காவலர்கள் உள்ளேயே நின்றுவிடுவார்கள். வளர்ந்தவருக்கு அந்தக் காவலர்கள் ஏற்கெனவே உடம்பெங்கும் பரவிவிட்டார்கள்.

மயஸ்தீனியாக்காரரின் தைமஸில் வேறொரு கூத்து நடக்கிறது. தைமஸுக்குள் தசையை ஒத்த செல்கள் கொஞ்சம் உண்டு, அவற்றின் மேலும் அந்த ஏற்பி இருக்கிறது. இள வயதில் ஏற்பி வகை நோய் வந்தவர்கள் பலருக்குத் தைமஸுக்குள் பி செல்கள் கூடாரம் போட்டு, ஆன்டிபாடியைக் கூர்தீட்டுகிற மையங்களையே கட்டிவிடுகின்றன. பள்ளிக்கூடம் பட்டறையாகிவிட்டது. எடுப்பது அந்தப் பட்டறையைத்தான். 10 முதல் 15 சதவீதம் பேருக்கு அங்கே கட்டியே இருக்கும், அதை எப்படியும் எடுத்தாக வேண்டும்.

ஆனாலும் வளர்ந்தவருக்குத் தைமஸ் சும்மா கிடக்கிற சதை என்று நாங்கள் வகுப்பில் நடத்தியது தப்பு. வேறு காரணத்துக்காக அதை இழந்தவர்களுக்குப் புற்றும் இறப்பும் கூடுதலாக வந்ததை 2023இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தேவை இருந்தால் எடு, இல்லாவிட்டால் தொடாதே. மஸ்க்காரருக்குத் தேவை இல்லை.


#13 கோட்டைக்காரன்

நான் சண்டைக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். என் தாத்தாவுக்குத் தொழுநோய். கரிகிரி ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், தொழுநோய்க் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்து பேர் வாங்கிய டாக்டர் பால் பிராண்டு வழியில் வந்தவர்கள் அவர் விரலுக்குத் தசைநாணை மாற்றிவைத்து அறுவைசிகிச்சை செய்தார்கள். எங்கள் வீட்டில் புரியாத ஒரு விஷயம்: மாத்திரை சாப்பிட்டு, கிருமி செத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் கை இன்னும் மோசமாயிற்று. ஒரே ராத்திரியில் மணிக்கட்டு தொங்கிவிட்டது. மாத்திரையால்தான் கை போயிற்று என்று பாட்டி சாகும்வரை சொன்னார். அதுவும் நீங்கள் பேசுகிற இந்த விஷயம்தானா?


#14 ஆரணி வாத்தியார்

அண்ணன்தம்பி உறவு என்று சொல்லலாம். தொழுநோய் கிருமியால் வருவது, ஆகவே மயஸ்தீனியா கணக்கில் சேராது. ஆனால் உங்கள் தாத்தாவுக்கு நடந்ததை எதிர்வினை என்பார்கள். கிருமி ஒளிந்திருப்பது நரம்பைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்களில். டி செல்கள் திடீரென்று விழித்துக்கொண்டு அங்கே பாயும்போது நரம்பு நசுங்குகிறது. மாத்திரையின் குற்றமில்லை. அந்த நேரத்தில் ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பு செல்களை அடக்கினால்தான் கை தப்பும்.

இதில் 2017இல் ஒரு புது விஷயம் வந்தது. நம் சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை லலிதா ராமகிருஷ்ணன் குழு, கண்ணாடி மாதிரி உடம்பு கொண்ட வரிக்குதிரை மீன்குஞ்சுக்குத் தொழுநோய்க் கிருமியைக் கொடுத்துப் பார்த்தது. டி செல் வருவதற்கு முன்பே, கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டு நரம்பிழையின் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுப்பதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். நீங்கள் முதலில் "ஆராய்ச்சி எதற்கு" என்றீர்கள். பாட்டியிடம் இதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை, அவ்வளவுதான்.


#15 கோட்டைக்காரன்

சரி ஐயா. ஊசி விலையைப் பற்றி நான் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.


#16 முள்ளுக்கத்திரி

விலைக்கு ஒரு துணுக்கு: ரிட்டுக்சிமாபின் நகல் மருந்தை நம் நாட்டிலேயே 2007இல் கொண்டுவந்துவிட்டார்கள். அது இல்லாவிட்டால் பாலாற்றங்கரை அண்ணா வளையலோடு வீட்டையும் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, நோயாளியின் டி செல்லையே எடுத்துப் பயிற்சி கொடுத்து பி செல்களை வேட்டையாட விடுகிற கார்-டி சிகிச்சையை ஜெர்மனியில் லூபஸ் என்கிற, தன் உடம்பையே தாக்கும் நோய்க்கும், தசை அழற்சிக்கும், மயஸ்தீனியாவுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் 2023இல் ஒரு கார்-டிக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் அது ரத்தப் புற்றுக்கு.


#17 பாலாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். வெயிலில் ஆட்டோவில் போய் இறங்கும்போதே இமை பாதி மூடிவிட்டது. டாக்டர் ஐஸ் கட்டியைக் கையுறையில் சுற்றி இரண்டு நிமிஷம் கண்ணில் வைத்தார், இமை ஏறியது. குளிரில் அந்தச் சந்து கொஞ்சம் நன்றாக வேலை செய்யுமாம். வேலூர் மாவட்டத்தில் பிறந்தவளுக்கு இந்த வியாதி வரலாமா என்று அம்மா கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார்.

நோய் ஏன் திரும்புகிறது என்று கேட்டேன். மருந்துக்குத் தப்பித்த பழைய பி செல் குடும்பங்களே மறுபடி பெருகுகின்றன, ஓகானர் குழு அந்த வம்சாவளியையும் மரபணுவை வைத்துத் தேடிப் பிடித்திருக்கிறது என்றார். வாத்தியார் ஐயாவின் தறிக் கதையைச் சொன்னேன். "பாவு ஓட்டுகிறவரின் மச்சான் ஒருத்தர் எங்கேயோ ஒளிந்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

மறுபடி ஊசி போடலாம் என்று முடிவு. அதற்கு முன்னால் மஞ்சள் காமாலை பி ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். ஆற்காட்டுக்காரரையும் அங்கே பார்த்தேன். அவருக்குப் பிளாஸ்மா மாற்றிவிட்டு, தைமஸுக்கு ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். இந்த இழையின் இணைப்பை அனுப்பினேன். அவரால் போனைக் கண்ணெதிரே ரொம்ப நேரம் பிடிக்க முடியாதாம், மகள் படித்துக் காட்டுகிறாள்.


#18 இரவுப்பணி

காமாலை ரிப்போர்ட் வந்ததா தம்பி?


#19 பாலாற்றங்கரை

வந்தது அக்கா, நெகட்டிவ். வியாழக்கிழமை காலை 7 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பஸ் பிடிக்கிறோம்.


#20 இரவுப்பணி

அன்றைக்கு எனக்குப் பகல் பணி. பையில் அட்டை வைத்திருக்கிற அம்மாவைத் தேடிப் பார்க்கிறேன்.